மழை வருமான்னு கேட்காதீங்க, தரை எப்படின்னு கேளுங்க

இங்கே எடின்பரோவில் எங்கள் தமிழ் மாணவர் கூட்டத்தில் "சனிக்கிழமை மலைக்குப் போகலாமா?" என்று யாராவது ஆரம்பித்தால் போதும், அத்தனை பேரும் கைப்பேசியை எடுத்து ஒரே விஷயத்தைத்தான் பார்ப்பார்கள். சூரியன் படம் போட்டிருக்கிறதா, மேகம் படம் போட்டிருக்கிறதா? சூரியன் என்றால் கிளம்பு. மேகம் என்றால் வீட்டிலேயே பிரியாணி. ஜூன் மாதத்துக்கு இந்த முறை ஓரளவு சரிப்படும். நவம்பருக்குச் சரிப்படாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஏன் என்று கேட்டால் பதில் சுலபம். வானிலை அறிக்கை நாளைய வானத்தைச் சொல்கிறது. நாம் நடப்பதோ தரையில். தரை என்பது நாளைய சங்கதி இல்லை, கடந்த பத்து நாட்களின் வரவு செலவுக் கணக்கு. எவ்வளவு மழை உள்ளே போனது, எவ்வளவு வடிந்தது, எந்த ராத்திரி உறைந்தது, எந்தப் பகலில் இளகியது... எல்லாம் அதில் எழுதியிருக்கும். வானம் ஒரே ராத்திரியில் தெளிந்துவிடும். தரை தெளியாது.

நான் படிப்பது சிவில். மண் இயந்திரவியல் பாடத்தை ஊரில் ஒருமுறை, இங்கே வந்து ஒருமுறை என்று இரண்டு தடவை படித்தவன். அதனால் கூட்டத்தில் "தரையைப் பார்க்கிறவன்" என்ற வேலை எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் உண்டு.

இந்த வேலையே ஊரில் தேவைப்பட்டதில்லை என்பதை யோசித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. எங்களோடு இருக்கும் கோயம்புத்தூர் நண்பன் ஒவ்வொரு முறையும் சொல்வான்: "நான் வெள்ளியங்கிரி ஏழு மலையையும் வெறுங்கால்ல ஏறுனவன்டா. இதெல்லாம் ஒரு மலையா?" ஏறியிருக்கிறான், மறுக்கவில்லை. ஆனால் அவன் ஏறியது எப்போது? சிவராத்திரி சமயத்தில். வெள்ளியங்கிரிக்கு வனத்துறை பொதுவாகப் பிப்ரவரி முதல் மே வரைதான் ஆட்களை விடுகிறது. மழைக்காலத்தில் வழி மூடியிருக்கும். அதாவது தரை எப்படி இருக்கும் என்ற முடிவை வேறு யாரோ அவனுக்காக எடுத்து, கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான், அவ்வளவுதான்.

ஸ்காட்லாந்தில் கதவே கிடையாது. 2003-ல் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொள்கிற யாரும் பெரும்பாலான மலைகளில் எந்த மாதமும் எந்த நேரமும் நடக்கலாம். டிக்கெட் இல்லை, காவலர் இல்லை, "இன்று அனுமதி இல்லை" என்ற பலகை இல்லை. எனக்கு மிகவும் பிடித்த சட்டம் இது. ஆனால் திருப்பி அனுப்புவதற்கு யாருமே இல்லை என்றால், திரும்ப வேண்டியது நாமேதான் என்று ஆகிறது, இல்லையா?

நடுக் குளிர்காலத்தில் கூடக் கொஞ்சம் துணை உண்டு. ஸ்காட்லாந்தின் பனிச்சரிவுத் தகவல் சேவை ஆறு மலைப் பகுதிகளுக்குத் தினமும் பனியின் நிலவரத்தை எழுதுகிறது. இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டில் ஹெல்வெலின் என்ற 950 மீட்டர் மலையில் தினமும் ஒருவர் ஏறிப் போய், மேலே தரை எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறார். (இப்படி ஒரு உத்தியோகம் இருப்பது தெரிந்திருந்தால் நான் சிவில் எடுத்திருக்கவே மாட்டேன்!) ஆனால் இரண்டுமே டிசம்பரில்தான் முழுவீச்சில் தொடங்கும். நவம்பர் என்பது இரண்டுங்கெட்டான் மாதம். கோடைக்காரர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள், குளிர்காலக்காரர்கள் இன்னும் வேலைக்கு வரவில்லை. நடுவில் நாம் மட்டும் தனியாக நிற்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் பாதி வேலை வீட்டிலேயே நடக்கிறது.

நான் செய்வது இதுதான். நாளைக்கு என்ன என்று பார்ப்பதற்கு முன்னால், போன வாரம் என்ன என்று பார்ப்பேன். மழை எத்தனை நாள் பெய்தது? விட்டு விட்டா, தொடர்ந்தா? கடைசி மழைக்குப் பிறகு எத்தனை நாள் ஆயிற்று? கோடையில் செடிகளும் வெயிலும் சேர்ந்து மண்ணிலிருந்து தண்ணீரை வெளியே இழுத்துவிடும். நவம்பரில் அந்த இரண்டு பம்புகளும் நின்றுவிடுகின்றன. புல் வளர்வதில்லை, வெயிலில் சூடு இல்லை. உள்ளே போன தண்ணீர் உள்ளேயே நிற்கும். அதனால் ஜூலையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் மண் குடித்துவிடும். நவம்பர் கடைசியில் அதே 10 மில்லிமீட்டர் வந்தால், ஏற்கெனவே வயிறு நிறைந்த மண் அப்படியே ஓடைக்குத் தள்ளிவிடும்.

அடுத்து வெப்பநிலை. மலைகளுக்கென்றே தனியாக இருக்கும் வானிலை அறிக்கைகளில் "உறைநிலை உயரம்" என்று ஒரு வரி இருக்கும். எந்த உயரத்தில் காற்று 0 பாகைக்கு வருகிறது என்ற கணக்கு. இதைப் பலரும் நாளைக்கு மட்டும் பார்ப்பார்கள். நான் கடந்த நான்கு நாட்களுக்கும் குறித்துவைப்பேன். காற்றின் வெப்பநிலை வேறு, தரையின் வெப்பநிலை வேறு. மேகமில்லாத ராத்திரியில் தரை தன் சூட்டை வானத்துக்குக் கொடுத்துவிட்டு, மேலே உள்ள காற்றைவிடக் குளிர்ந்து போகும். காற்று 2 பாகை இருக்கும்போதே பாறை உறைந்திருக்கலாம். இதற்கு நேர் எதிராக, வாரக் கணக்கில் நனைந்த மண் ஒரே ராத்திரிக் குளிரில் உறைந்துவிடாது. அவ்வளவு தண்ணீரும் உறைய வேண்டுமானால் அதில் இருக்கும் உள்ளுறை வெப்பம் முழுதும் வெளியே போக வேண்டும். அதற்குப் பல நாள் பிடிக்கும். ஆக ஒரே மலையில், ஒரே காலையில், பாறை கண்ணாடியாகவும் சதுப்பு கஞ்சியாகவும் இருக்கலாம். நவம்பரின் விசேஷமே இதுதான்.

இந்தக் கஞ்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். ஸ்காட்லாந்து மலைகளில் பெரும்பகுதி பீட் என்ற கறுப்பு மண். மண் என்று சொல்வதே தவறு. ஆயிரக்கணக்கான வருடமாக மக்காமல் சேர்ந்து கிடக்கும் செடி கொடி அது. ஈரமாக இருக்கும்போது அதன் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான். எங்கள் பாடப்புத்தகத்தில் அடித்தளம் போடவே கூடாத மண் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். அதன்மேல் 75 கிலோ மனிதன் எப்படி நடப்பது என்று ஒரு வரியும் எழுதவில்லை.

அதைச் செடிகள் சொல்லிக்கொடுக்கும். கொஞ்ச நாள் பழகினால் தூரத்திலிருந்தே நிறத்தைப் பார்த்துத் தரையைப் படிக்கலாம். ஹெதர் என்ற குட்டைப் புதர், நவம்பரில் பழுப்பாகக் கருத்துக் கிடக்கும். அது நன்றாக வளர்ந்திருக்கும் மேடு பெரும்பாலும் கால் தாங்கும். பருத்திப் புல் என்று ஒன்று உண்டு. கோடையில் வெள்ளைப் பஞ்சு காட்டும், இப்போது இலை சிவந்து நிற்கும். அது இருந்தால் அடியில் தண்ணீர் என்று அர்த்தம். கோரை மாதிரி உருண்டையாக விறைத்து நிற்கும் ஜங்கஸ் புல்லும் அப்படியே. எல்லாவற்றையும்விட மோசமானது ஸ்பாக்னம் பாசி. பளிச்சென்ற பச்சை, சில இடத்தில் இளஞ்சிவப்பு. புதிதாக வந்தவர்களுக்கு அதுதான் பூங்காப் புல்வெளி மாதிரி அழகாகத் தெரியும், அதில்தான் போய்க் காலை வைப்பார்கள். முழங்கால் வரை வரவேற்பு நிச்சயம்.

பிராக்கன் என்ற பெரணி வேறு ரகம். அது வளரும் இடம் பொதுவாக நீர் வடியும் நல்ல மண். அந்த வகையில் நல்ல சகுனம். ஆனால் நவம்பரில் அது காய்ந்து, மடிந்து, பாதைமேல் மெத்தை போல் படுத்திருக்கும். மழைக்குப் பிறகு அந்த மெத்தை சோப்பு போட்ட மாதிரி வழுக்கும். அடியில் கல் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்றும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் ஆபத்தாகவே நினைப்பதில்லை. செங்குத்தான ஈரப் புல். பாறை என்றால் பயப்படுவோம், பனி என்றால் பயப்படுவோம். புல்லில் என்ன இருக்கிறது? அடியில் தேய்ந்த ஷூவோடு சரிவான ஈரப் புல்லில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் நிற்கவே முடியாது, பிடித்துக்கொள்ளவும் ஒன்றும் இருக்காது. மலை மீட்புக் குழுக்களைக் கேட்டால் பெரிய சாகச விபத்துகளைவிட, சாதாரண இடத்தில் வழுக்கியும் தடுக்கியும் விழுந்தவர்களைத் தூக்கி வருவதுதான் அதிகம் என்பார்கள்.

முதல் வெண்பனியும் ஏமாற்றுக்காரன்தான். குளிர்காலம் நன்றாக முற்றிய பிறகு விழும் பனி, உறைந்த தரைமேல் விழுந்து இறுகும். நவம்பரில் விழும் முதல் பனி இன்னும் உறையாத சதுப்பின் மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிடும். மேலே பார்த்தால் ஒரே சமவெளி. அடியில் எல்லாக் குழியும் அப்படியே இருக்கும். போதாக்குறைக்கு அந்தப் பனி ஒரு போர்வையாகி, அடியில் மண் உறையவிடாமல் காப்பாற்றும்!

ஓடைகள் தனிக் கதை. நில வரைபடத்தில் நூல் மாதிரி ஒரு நீலக் கோடு இருக்கும். கோடையில் அதைத் தாண்டினேனா என்றே நினைவிருக்காது. நவம்பரில் அதுவே நாளை முடித்துவிடும். இங்குள்ள சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆறுகளின் நீர்மட்டத்தை வரைபடமாக இணையத்தில் போடுகிறது. நாம் போகும் சின்ன ஓடை அதில் இருக்காது. ஆனால் அது போய்ச் சேரும் ஆறு இருக்கும். கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால் பாதி விஷயம் புரிந்துவிடும். நேரில் போனால் தண்ணீரின் நிறத்தைப் பார்க்க வேண்டும். பீட் நிலத்து ஓடை எப்போதுமே கட்டன் சாயா நிறம்தான், அதற்குப் பயப்பட வேண்டாம். கலங்கி, இலையும் சுள்ளியும் நுரையும் இழுத்துக்கொண்டு வந்தால், ஏறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். சந்தேகமாக இருந்தால் நீர்விளிம்பில் ஒரு கல்லை வைத்துவிட்டு ஒரு பிஸ்கட் சாப்பிடலாம். பத்து நிமிடத்தில் கல் நனைந்திருந்தால் திரும்பிவிட வேண்டியதுதான். போகும்போது தாண்ட முடிகிறதா என்பது சின்னக் கேள்வி. வரும்போது தாண்ட முடியுமா என்பதே பெரிய கேள்வி.

இந்தப் பக்கம் கிளென் டில்ட் என்ற பள்ளத்தாக்கில், டார்ஃப் என்ற ஓடைமேல் ஒரு தொங்கு நடைபாலம் இருக்கிறது. ஆளில்லாக் காட்டில் இவ்வளவு நல்ல பாலம் எதற்கு என்று தோன்றும். 1879-ல் அங்கே 18 வயது இளைஞர் ஒருவர் மூழ்கி இறந்தார். அவர் நினைவாக 1886-ல் கட்டியது. அது நடந்தது ஆகஸ்ட் மாதத்தில். நடுக் கோடையிலேயே அப்படி.

இப்போது போன வருடக் கதை. இது எங்கள் கூட்டத்தில் இன்னும் ஆறாத சண்டை.

ஷீஹாலியன் என்று ஒரு மலை. பெர்த்ஷயரில் இருக்கிறது, 1083 மீட்டர். இன்ஜினியரிங் படித்தவர்களுக்கு அது ஒரு கோயில் மாதிரி. 1774-ல் நெவில் மாஸ்கலின் என்ற வானியலாளர் இந்த மலைக்குப் பக்கத்தில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, மலை அதைத் தன் பக்கம் எவ்வளவு இழுக்கிறது என்று அளந்து, அதை வைத்துப் பூமியின் அடர்த்தியைக் கணக்கிட வழி செய்தார். கணக்குப் போட்ட சார்லஸ் ஹட்டன், மலையின் வடிவத்தைக் காட்ட சம உயரக் கோடுகளைப் பயன்படுத்தினார். இன்று நாம் கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு மலை வரைபடத்திலும் இருக்கும் அதே கோடுகள்! மாஸ்கலின் மாதக் கணக்கில் மழையிலும் மேகத்திலும் அங்கே கூடாரத்தில் கிடந்தார் என்று படித்ததிலிருந்து, என் ஆராய்ச்சி மேற்பார்வையாளர் தாமதமாகப் பதில் போட்டால் கூட எனக்குக் கோபம் வருவதில்லை.

போன நவம்பரில் இங்கே போவதாக முடிவு. வாடகைக் கார் பேசியாயிற்று. ஐந்து பேர். அதில் செப்டம்பரில் புதிதாக வந்த ராமநாதபுரத்துத் தங்கச்சி ஒருத்தி. வாழ்க்கையில் முதல் மலை. "உச்சியில நின்னு அப்பாவுக்கு வீடியோ கால் போடணும் அண்ணா" என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை அறிக்கை பிரமாதம். தெளிந்த வானம், மெல்லிய காற்று, எல்லா உச்சியும் மேகத்துக்கு வெளியே. கோயம்புத்தூர்க்காரன் அதைக் குழுவில் போட்டு நாலு கைதட்டலும் வாங்கிவிட்டான். எனக்கு மட்டும் அந்தத் தெளிந்த வானம்தான் இடித்தது. திங்கள் முதல் புதன் வரை கொட்டிய மழை. வியாழன் மாலை மேகம் விலகியது. வியாழன், வெள்ளி இரண்டு ராத்திரியும் உறைபனி. அதாவது பாறையெல்லாம் நன்றாகக் குளித்து, துவட்டிக்கொள்ள நேரமில்லாமல், அப்படியே விறைத்துப் போயிருக்கும்.

ஷீஹாலியனின் தரை இரண்டு பாகம். பிரேஸ் ஆஃப் ஃபாஸ் என்ற இடத்துக் கார் நிறுத்தத்திலிருந்து முதல் பாதிக்கு மேல் அருமையான பாதை. பழைய வழி சேறும் அரிப்புமாக மலையில் ஒரு புண் மாதிரி இருந்ததாம். 1999-ல் ஜான் மியூர் அறக்கட்டளை மலையின் கிழக்குப் பக்கத்தை வாங்கி, கல் அடுக்கிப் புதுப் பாதை போட்டது. மண்ணைப் படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வடிகால் வேலையைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனால் பாதை மேலே போய் முடிந்துவிடும். உச்சி வரை கடைசி ஒரு கிலோமீட்டருக்கும் மேலாக வெறும் பாறைக் குவியல். குவார்ட்சைட். பெட்டி பெட்டியாக, மேடும் பள்ளமுமாக, இடையிடையே கால் நுழையும் சந்து. காய்ந்திருந்தாலே நிதானமாக நடக்க வேண்டிய இடம்.

நான் பர்னம் குன்றுக்குப் போகலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை. கடைசியில் ஒரு ஒப்பந்தம். ஷீஹாலியனுக்கே போவோம். ஆனால் பாறைக் குவியல் தொடங்கும் இடத்தில் கல்லைப் பார்த்துவிட்டு முடிவு, அங்கே என் பேச்சுதான் கடைசி. இதைக் காரில் ஏறுவதற்கு முன்பே எல்லோரிடமும் "சரி" வாங்கிக்கொண்டேன். மேலே போய், உச்சி கண்ணுக்குத் தெரியும்போது பேரம் பேசினால் உச்சிதான் ஜெயிக்கும்.

கணக்கும் போட்டு வைத்திருந்தேன். நெய்ஸ்மித் என்ற மலையேறி 1892-ல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி நேரம் என்று இன்றைய அளவில் சொல்லலாம். ஷீஹாலியன் போய்வர 10 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 750 மீட்டர். ஆக 3 மணி 15 நிமிடம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் நெய்ஸ்மித் கணக்கில் தேநீர் இல்லை, போட்டோ இல்லை, வழுக்கும் பாறையும் இல்லை. உறைந்த பாறையில் வேகம் பாதியாகும், சில இடத்தில் கால்வாசியாகும். அந்தத் தேதியில் அங்கே சூரியன் நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். நாங்கள் நடக்கத் தொடங்கியபோதே பத்து. தரை கெட்டால் வெளிச்சமும் கூடவே கெட்டது. இரண்டும் ஒரே கணக்குதான்.

கார் நிறுத்தத்தில் 4 பாகை காட்டியது. 1000 மீட்டருக்குச் சராசரியாக 6.5 பாகை குறையும் என்று வைத்தால், உச்சியில் பூஜ்யத்துக்கு ஒரு பாகை கீழே. சாலையோரக் குட்டையில் குதிகாலை வைத்துப் பார்த்தேன். மேல் ஏடு உடைந்தது, அடியில் தண்ணீர். சதுப்பு உறையவில்லை. நிழலில் கிடந்த கல்லில் வெள்ளைப் பூச்சு. வெயில் அடித்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் நவம்பர் 20-ஐ ஒட்டி அந்த அட்சரேகையில் நண்பகல் சூரியனே 13 பாகை உயரம்தான் ஏறும். அதே நாள் கோயம்புத்தூரில் 59. வடக்கு பார்த்த சரிவு 13 பாகைக்கு மேல் சாய்ந்திருந்தால் அன்று முழுக்க அதற்கு வெயிலே கிடையாது. வெயில் படும் இடத்திலும் ஒளி இருக்கும், சூடு இருக்காது. "மத்தியானத்துக்குள்ள உருகிடும் மச்சான்" என்று சொன்னவனுக்கு இந்தக் கணக்கைச் சொன்னேன். "நீ ஏன்டா இப்படி இருக்க?" என்றான்.

பாதையில் பாதிக்கு மேல் எல்லோரும் ஜாலியாகப் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார்கள். நல்ல பாதையின் குணம் அது, மேலே இருப்பதை மறைத்துவிடும். முதல் பெரிய பாறைகள் வந்ததும் நின்றேன். கல் ஈரமாகப் பளபளத்தது. விரலை வைத்துத் தேய்த்தேன். ஈரம் ஒட்டவில்லை. ஈரம் போலத் தெரிகிறது, விரல் காய்ந்தே இருக்கிறது. கண்ணாடிப் பனி. பாறைமேல் மெல்லிய கண்ணாடித் தாள் ஒட்டினது போல, நிறமே இல்லாமல் இருக்கும். ஊன்றுகோல் முனையை வைத்து அழுத்தினேன். கிரீச்சென்று சறுக்கியது. நாலு கல் தள்ளி இன்னொன்று, அதுவும் அப்படியே.

"இதுக்கு மேல வேண்டாம்" என்றேன்.

கோயம்புத்தூர்க்காரன் ஒன்றும் சொல்லாமல் தானும் விரலை வைத்துப் பார்த்தான். ஒரு கல்லில் ஏறி நின்றான். அங்கிருந்து அடுத்த கல்லுக்குக் காலை நீட்டிவிட்டு, அப்படியே பின்னால் எடுத்துக்கொண்டான். பிறகு இறங்கி வந்து பையைப் பிரித்துப் புளிசாதத்தை எடுத்தான். அன்றைக்கு அவனிடம் எனக்கு வந்த மரியாதையை இன்னும் அவனிடம் சொல்லவில்லை.

நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எங்களைத் தாண்டி மூன்று பேர் மேலே போனார்கள். சாதாரண பூட்ஸ்தான். "பாருங்க அண்ணா, அவங்க போறாங்க" என்றாள் தங்கச்சி. கண் கலங்கியிருந்தது. அவர்கள் உச்சிக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பியும் இருப்பார்கள். இதை வைத்துத்தான் இன்றுவரை சண்டை. ஒன்றும் ஆகவில்லையே, அப்படியானால் நீ பயந்ததுதானே என்கிறார்கள். நூறு பேர் போனால் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் ஒன்றும் ஆகாமல் வந்துவிடலாம். என் கேள்வி அந்த மிச்சப் பேரைப் பற்றி. அந்தத் தங்கச்சி வாரத்தில் 20 மணி நேரம் ஒரு கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். மாணவர் விசாவில் படிப்பு நடக்கும்போது அதற்கு மேல் அனுமதி இல்லை. அதில்தான் வாடகை. பாறைச் சந்தில் கணுக்கால் திரும்பினால் மருத்துவம் பார்த்துவிடுவார்கள். வாடகையை யார் பார்ப்பது? அப்பா ஊரில் வாங்கியிருக்கும் கடனை? உதவி கேட்டு 999 அடித்து, போலீஸ் வழியாக மலை மீட்புக் குழுவைக் கூப்பிட்டால் வருவார்கள், காசு வாங்க மாட்டார்கள், அத்தனை பேரும் தன்னார்வலர்கள். ஆனால் அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பி, மலையேறி நம்மிடம் வர மணிக்கணக்காகும். அசையாமல் உறைந்த கல்லில் அத்தனை நேரம் உட்கார்ந்திருப்பது கணுக்காலைவிடப் பெரிய பிரச்சினை.

வீடியோ கால் அங்கிருந்தே போட்டோம். பின்னால் லாக் ரானக் ஏரி தெரிந்தது. அப்பா "உச்சியா தாயி?" என்று கேட்டார். "கிட்டத்தட்ட அப்பா" என்றாள். பிறகு என்னை முறைத்தாள்.

இறங்கும்போதும் தரையைப் பார்க்கத்தான் வேண்டும் என்று இங்கே சொல்லிவைக்கிறேன். காலையில் உறைந்து கெட்டியாக இருந்த இரண்டு இடம் மதியம் இளகிச் சேறாகியிருந்தது. வியர்த்த உடம்பு, களைத்த கால், மனசு காருக்குப் போய்விட்டிருக்கும். அப்போதுதான் சறுக்கும்.

சாமான்கள் பற்றிக் கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: நல்ல பள்ளம் விழுந்த அடிப்பாகம் உள்ள பூட்ஸ், ஊன்றுகோல், தலையில் மாட்டும் விளக்கு. ஷூமேல் மாட்டும் சின்ன ஆணிச் சங்கிலிகள் இப்போது எல்லோரும் வாங்குகிறார்கள். உறைந்த சமமான பாதையில் அவை அருமை. கண்ணாடிப் பனி பூசிய பாறைக் குவியலில் அவற்றை நம்பி ஏற மாட்டேன், ஆணி பிடிக்க அங்கே ஆழமே இல்லை. செங்குத்தான இறுகிய பனிக்கு அவை போதவே போதாது. அது வேறு கருவி, வேறு பயிற்சி.

மற்றவர்கள் இணையத்தில் எழுதும் மலைக் குறிப்புகளும் உதவும். ஆனால் முதலில் தேதியைப் பாருங்கள். "தரை நன்றாக இருந்தது" என்று செவ்வாய்க்கிழமை எழுதியிருந்தால், செவ்வாய்க்கும் சனிக்கும் நடுவில் என்ன நடந்தது என்று நீங்கள் கூட்டிக் கழிக்க வேண்டும். படங்களை முழுதாக நம்ப வேண்டாம். சேற்றில் இடுப்பு வரை போனவன் அந்த நேரத்தில் கேமராவை எடுப்பதில்லை.

இதை எழுதும்போது புதன் இரவு. ஞாயிறு முதல் விட்டு விட்டு மழை. ஆறு நேற்று ஏறி, இன்று மதியத்திலிருந்து மெல்ல இறங்குகிறது. வெள்ளி வரை மேகம் மூட்டமாகவே இருக்கும், உறைநிலை உயரம் 1200 மீட்டருக்கு மேல். ஆக பாறை உறையாது, சதுப்பு ஊறிக் கிடக்கும், ஓடைகள் சனிக்குள் ஓரளவு அடங்கலாம். ஷீஹாலியனின் பாதைக்கு இது தோது. பாறைக் குவியல் ஈரமாக இருக்கும், ஆனால் விரலில் ஒட்டுகிற ஈரம். சனிக்கிழமை வானம் பற்றி அறிக்கை சொல்வது: மேகம், உச்சியிலிருந்து ஒன்றும் தெரியாது.

இந்த முறை எல்லோரும் பிரியாணி என்கிறார்கள். தங்கச்சி மட்டும் பூட்ஸ் வாங்கிவிட்டாள். ஏழு மணிக்குக் கிளம்பலாமா என்று கேட்டிருக்கிறாள்.